தண்டுவடத்தில் அழற்சி வலி: சி.எஃப்.ஏ. மாதிரியில் மூலக்கூறுகளை அளக்கும் முறை

சி.எஃப்.ஏ. (கம்ப்ளீட் ஃப்ராய்ண்ட்ஸ் அட்ஜுவன்ட், கொல்லப்பட்ட பாக்டீரியா கலந்த எண்ணெய்) ஊசியால் பாதத்தில் அழற்சியை உண்டாக்கி, தண்டுவடத்தில் என்ன மாறுகிறது என்று பார்க்கும் சோதனை மேலோட்டமாக எளியது. ஊசி போடு, வலியை அள, திசுவை எடு, புரதத்தைப் பார். ஆனால் வலி தெளிவாகத் தெரிந்தும் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பிரித்து ஆன்டிபாடியால் காட்டும் முறை) எந்த மாற்றமும் தெரியாமல் போவது ஆய்வுக்கூடங்களில் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் ஆன்டிபாடியில் குறை இருக்காது. திசுவை எடுத்த நேரம்தான் தவறியிருக்கும். ஆகவே எந்த மூலக்கூறு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது எந்த மணி நேரத்தில் தலைகாட்டும் என்பதை அடுத்துப் பாருங்கள். விலங்கின் எண்ணிக்கை, மயக்க மருந்து, திசு எடுக்கும் முறை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் குறிப்பு வலி ஆய்வுக்குப் புதிதாக வரும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கானது. சுண்டெலியை (மவுஸ்) மையமாக வைத்திருக்கிறோம். பெரிய எலிக்கு (ராட்) அளவு மாறும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

எந்த மூலக்கூறு, எந்த நேரம்

அழற்சி வந்த பாதத்தில் புரோஸ்டகிளாண்டின் ஈ2, பிராடிகினின், நரம்பு வளர்ச்சிக் காரணி, டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1பீட்டா ஆகியவை சேர்கின்றன. அவை வலியை உணரும் மெல்லிய நரம்பிழைகளான சி-இழைகளின் முனையில் உள்ள டி.ஆர்.பி.வி.1, என்.ஏ.வி.1.8 போன்ற அயனி வாயில்களை எளிதில் திறக்கும்படி ஆக்குகின்றன. அந்த இழைகள் தண்டுவடப் பின்கொம்பின் (உணர்வுச் செய்தி வந்து சேரும் முதுகுப்பக்கச் சாம்பல்பொருள்) 1, 2-ஆம் அடுக்குகளில் முடிந்து, குளுட்டமேட்டையும், சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. ஆகிய பெப்டைடுகளையும் கொட்டுகின்றன. குளுட்டமேட்டின் ஆம்பா ஏற்பியும் சப்ஸ்டன்ஸ் பி-யின் என்.கே.1 ஏற்பியும் சேர்ந்து நியூரானின் மின்னழுத்தத்தை ஏற்றியதும், குளுட்டமேட்டின் இன்னொரு ஏற்பியான என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகி, கால்சியம் உள்ளே பாய்கிறது. கிளிஃபர்ட் வூல்ஃப் 1983-இல் விவரித்த மையக் கூருணர்வு (தண்டுவட நியூரான்கள் மிகையாகத் துலங்கும் நிலை) தொடங்குமிடம் இதுதான். இதன் பிறகு நடப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் நடப்பதில்லை.

நிமிடக் கணக்கில்: செல்லுக்குள் செய்தி கடத்தும் ஈ.ஆர்.கே. புரதத்தில் பாஸ்பேட் ஏறுகிறது (பாஸ்பேட் ஏறிய வடிவம் பி-ஈ.ஆர்.கே.). கேப்சைசினோ ஃபார்மலினோ பாதத்தில் போட்டால், 2 முதல் 10 நிமிடத்துக்குள் மேலடுக்கு நியூரான்களில் பி-ஈ.ஆர்.கே. பளிச்சென்று தெரியும். ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். சி.எஃப்.ஏ.விலும் ஆரம்ப ஏற்றம் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு ஓரிரு நாள் வரை எஞ்சியிருப்பது மிகச் சில செல்களில்தான். என்.எம்.டி.ஏ. ஏற்பியின் 2பி துணையலகில் டைரோசின் பாஸ்பேட் ஏறுவதும் நிமிடங்களில் தொடங்குகிறது. ஆனால் அது சீக்கிரம் இறங்குவதில்லை, நாள்கணக்கில் நிற்கிறது. தொடக்கநிலை ஆய்வாளருக்கு இது வசதியான இலக்கு.

மணிக் கணக்கில்: நியூரான் தூண்டப்பட்டதைக் காட்டும் சி-ஃபாஸ் புரதம் தூண்டலுக்குப் பின் 90 முதல் 120 நிமிடத்தில் உச்சத்தில் இருக்கும். தண்டுவடத்தில் காக்ஸ்-2 நொதி சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, முதல் 12 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். அது உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் ஈ2, ஈ.பி.2 ஏற்பி வழியாக பி.கே.ஏ. நொதியைத் தூண்டி, நியூரானை அடக்கிவைக்கும் கிளைசின் ஏற்பியின் ஆல்பா3 துணையலகைத் தடுக்கிறது. தூண்டல் கூடுவது ஒரு பக்கம், தடை தளர்வது இன்னொரு பக்கம். அழற்சி வலியில் இந்த இரண்டாவதைப் பலர் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நாள் கணக்கில்: 24 மணி நேரத்தில் ஆம்பா ஏற்பியின் குளுஏ2 துணையலகு சினாப்ஸ் பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகிறது. பி.கே.சி. நொதி அதன் 880-ஆம் செரினில் பாஸ்பேட் ஏற்றுவதே காரணம். மீதமிருக்கும் ஏற்பிகள் கால்சியத்தை உள்ளே விடுபவை. 2 மணி நேரத்தில் இதைத் தேடினால் கிடைக்காது. ஆஸ்ட்ரோசைட்டுகளில் (நியூரானைச் சூழும் கிளியா செல்கள்) அவற்றின் அடையாளப் புரதமான ஜி.எஃப்.ஏ.பி. ஏறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் 4-ஆம் நாள் வரையாவது பொறுங்கள். மைக்ரோகிளியாவில் (நரம்பு மண்டலத்தின் நோயெதிர்ப்பு செல்கள்) அவற்றின் அடையாளப் புரதமான ஐபா1-இன் ஏற்றம் நரம்புக் காய மாதிரிகளில் காண்பது போல வாரி இறைத்தது போல் இருக்காது. சி.எஃப்.ஏ.வில் அது மிதமாகவே இருக்கும். நரம்புக் காயக் கட்டுரையின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை எடைபோட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

அனுமதியும் மயக்க மருந்தும்

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ.வில் (முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ.) பதிவான விலங்குக் கூடத்தில், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடுதான் இதைச் செய்ய முடியும். வலியையே ஆராய்வதால் வலி நிவாரணி கொடுக்க முடியாது. அதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஒரு பாதத்தில் மட்டுமே ஊசி, மென்மையான படுக்கை, உணவும் நீரும் எட்டும் உயரத்தில், எடை இவ்வளவு குறைந்தால் சோதனை நிறுத்தம் என்ற வரம்பு ஆகியவையும் அதில் இருக்க வேண்டும். இரண்டு பின்பாதங்களிலும் சி.எஃப்.ஏ. போடும் திட்டத்தைக் குழு திருப்பி அனுப்பினால் அது நியாயம்தான்.

மயக்க மருந்தில்தான் பெரிய பொறி இருக்கிறது. நம் விலங்குக் கூடங்களில் கைக்கு எளிதில் கிடைப்பது கீட்டமின்-சைலசின் கலவை. கீட்டமின், என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் மருந்து. சைலசின், ஆல்பா-2 ஏற்பி வழியாகத் தண்டுவடத்திலேயே வலியைக் குறைக்கும் மருந்து. எந்த இயக்கத்தைப் பார்க்கப் போகிறோமோ அதையே அணைத்துவிட்டுச் சோதனையைத் தொடங்குவதாகிவிடும். சி.எஃப்.ஏ. ஊசிக்கு ஐசோஃப்ளூரேன் போதும். 3 முதல் 4 சதவீதத்தில் மயக்கி, 1.5 முதல் 2 சதவீதத்தில் வைத்திருங்கள். ஊசி முடிந்து சில நிமிடத்தில் விலங்கு எழுந்துவிடும். திசு எடுக்கும்போதும் இதே விதிதான்.

சி.எஃப்.ஏ. ஊசி

குப்பியில் இருப்பது பாரஃபின் எண்ணெய், மேனைடு மோனோஒலியேட், சூட்டில் கொல்லப்பட்ட காசநோய் மைக்கோபாக்டீரியா ஆகியவை. பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள வகையைத்தான் வலி ஆய்வுகளில் அதிகம் பயன்படுத்துகிறார்கள். பாக்டீரியா அடியில் படிந்துவிடும். எடுக்கும் ஒவ்வொரு முறையும் குப்பியை வோர்டெக்ஸ் செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் முதல் விலங்குக்கு வெறும் எண்ணெயும் கடைசி விலங்குக்கு பாக்டீரியாக் கட்டியும் போகும். ஒரே குழுவுக்குள் வீக்கம் தாறுமாறாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

சிலர் இதை உப்புநீரோடு சம அளவில் கலந்து பால்மமாக்கிப் போடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டு கண்ணாடி சிரிஞ்சுகளை இணைத்து, கெட்டியாகும் வரை முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரு சொட்டை நீரில் விட்டால் பரவாமல் உருண்டையாக நிற்க வேண்டும். பரவினால் இன்னும் கலக்கவில்லை என்று பொருள். பால்மமோ நேரடி எண்ணெயோ, ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு: சுண்டெலிக்கு 20 மைக்ரோலிட்டர், பெரிய எலிக்கு 100 மைக்ரோலிட்டர். 27 முதல் 30 கேஜ் ஊசி. சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சின் ரப்பர் எண்ணெயில் ஊறி இறுகும், அளவு பிசகும். கண்ணாடி சிரிஞ்சு நல்லது, ஊசி திருகிப் பூட்டும் வகையாக இருக்கட்டும். அழுத்தத்தில் ஊசி கழன்று எண்ணெய் முகத்தில் தெறிப்பது நடக்கக்கூடியதே.

குதிகால் பக்கமிருந்து தோலுக்கடியில் நுழைத்து, உள்ளங்காலின் நடுப்பகுதியில் மெதுவாகச் செலுத்துங்கள். உடனே உருவாமல் 30 நொடி வைத்திருந்து எடுத்தால் கசிவு குறையும். கசிந்தது கண்ணில் பட்டால் அந்த விலங்கைக் குறித்து வையுங்கள். பின்னால் தரவில் ஒட்டாத புள்ளி வரும்போது காரணம் கையில் இருக்கும்.

கண்ணாடியும் இரட்டைக் கையுறையும் கட்டாயம். கையில் தவறுதலாகக் குத்திக்கொண்டால் ஆறாத கட்டி வரலாம். காசநோய்த் தோல் சோதனையில் ஏற்கெனவே நேர்மறையாக இருப்பவர்களுக்கு எதிர்வினை இன்னும் கடுமையாகும். நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கை குறைவல்ல. ஊசியை மீண்டும் மூடி போடாதீர்கள்.

வீக்கம் சில மணி நேரத்தில் தெரியும். 24 மணி நேரத்தில் சுண்டெலிப் பாதத்தின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து 3 முதல் 4 வரை போகும். வலிக் கூருணர்வு முதல் மூன்று நாள்களில் உச்சத்தில் இருந்து, ஓரிரு வாரத்தில் தணியும். இவ்வளவு நீளம் தேவையில்லை, ஒரே நாளில் முடிய வேண்டும் என்றால் கேரஜீனன் என்ற கடற்பாசிப் பொருள் இருக்கிறது. 3 முதல் 4 மணி நேரத்தில் உச்சம் தொடும்.

ஒப்பீட்டுக் குழுவில்தான் நுட்பம் இருக்கிறது. மறுபக்கப் பாதத்தையும் மறுபக்கத் தண்டுவடத்தையும் ஒப்பீடாக வைத்தால் விலங்கு மிச்சம் என்று தோன்றும். பி-ஈ.ஆர்.கே., சி-ஃபாஸ் போன்றவற்றுக்கு அது ஓரளவு சரி. காக்ஸ்-2க்கு அறவே சரியில்லை. ஒரு பாதத்தில் மட்டும் அழற்சி இருந்தாலும் காக்ஸ்-2 தண்டுவடத்தின் இருபக்கமும், மூளையிலும்கூட ஏறுகிறது. அந்தப் பாதத்தின் நரம்பை மரத்துப்போகச் செய்தாலும் ஏற்றம் நிற்பதில்லை என்பது 2001-லேயே காட்டப்பட்டது. செய்தி நரம்பு வழியே மட்டும் வரவில்லை, இரத்தம் வழியேயும் வருகிறது. இடம்-வலம் ஒப்பிட்டு ‘மாற்றமில்லை’ என்று எழுதிவிட்டால், இருபக்கமும் சமமாக ஏறியதைத் தவறவிட்டிருப்பீர்கள். உப்புநீர் மட்டும் போட்ட தனி விலங்குகளை எப்போதும் வையுங்கள்.

வலியை அளப்பது

ஃபான் ஃப்ரே இழைச் சோதனைக்கு (அளவிட்ட விசையில் வளையும் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது) விலங்கைக் கம்பிவலை மேடையில் குறைந்தது ஒரு மணி நேரம், இரண்டு மூன்று நாள் பழக்குங்கள். அது மோப்பம் பிடித்துத் திரிந்துகொண்டிருக்கும்போது அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. சுண்டெலிக்கு 0.04, 0.07, 0.16, 0.4, 0.6, 1.0, 1.4, 2.0 கிராம் இழைகள் போதும். 0.6-இல் தொடங்குங்கள். இழை சற்று வளையும் வரை அழுத்தி 3 முதல் 5 நொடி வைத்திருங்கள். காலை இழுத்தாலோ, உதறினாலோ, நக்கினாலோ ‘ஆம்’. ‘ஆம்’ என்றால் அடுத்து மெல்லிய இழை, ‘இல்லை’ என்றால் அடுத்து தடித்த இழை. பதில் முதன்முறை மாறிய பிறகு மேலும் நான்கு தூண்டல்கள் கொடுங்கள். கடைசி இழையின் பிடியில் அச்சிட்ட மடக்கை மதிப்போடு, பதில் வரிசைக்குரிய டிக்சன் அட்டவணை எண்ணை இழைகளுக்கிடையேயான சராசரி மடக்கை இடைவெளியால் பெருக்கிக் கூட்டுங்கள். பத்தின் அந்த அடுக்கை 10,000-ஆல் வகுத்தால் 50 சதவீத வலி வரம்பு கிராமில் வரும். 1994-இல் சாப்லன் குழு வகுத்த முறை இது.

இதில் ஒரு குறையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கு இழைகளுக்கிடையே சம இடைவெளி இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. சுண்டெலி இழைகளில் அது சமமாக இல்லை. 0.16-க்கும் 0.4-க்கும் இடையே அச்சிட்ட மடக்கை மதிப்பில் 0.4 அளவு தாவல், 1.0-க்கும் 1.4-க்கும் இடையே 0.1 கூட இல்லை. எனவே இரண்டாம் தசம இடத்து வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பேசாதீர்கள். நல்ல சி.எஃப்.ஏ. சோதனையில் வரம்பு ஒரு கிராம் அருகிலிருந்து பெரும்பாலும் 0.2-க்குக் கீழே விழும். அது கண்ணுக்கே தெரியும் மாற்றம்.

இழைகள் நைலான். ஈரப்பதம் கூடினால் தளர்கின்றன. சென்னையில் ஐப்பசி மழையில் எடுத்த அளவும் பங்குனியில் எடுத்த அளவும் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம். மேல்தட்டுத் தராசில் இழையை வளையும் வரை அழுத்திப் பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகே அன்றைய சோதனையைத் தொடங்குங்கள்.

வெப்பத்துக்கு ஹார்கிரீவ்ஸ் கருவி, கண்ணாடித் தளத்தின் கீழிருந்து விளக்கொளியால் பாதத்தைச் சூடாக்குவது. ஊசிக்கு முன் விலங்கு காலை இழுக்க 8 முதல் 12 நொடி ஆகும்படி விளக்கின் செறிவை வைத்து, பிறகு அதைத் தொடாதீர்கள். 20 நொடியில் தானாக அணைய வேண்டும், இல்லையென்றால் தோல் வெந்துவிடும். 5 நிமிட இடைவெளியில் மூன்று அளவுகள் எடுங்கள். கண்ணாடியில் சிறுநீர் இருந்தால் வெப்பம் சரியாகச் சேராது, துடைத்துவிட்டு அளக்கவும்.

அளப்பவர் ஒருவராகவே இருக்கட்டும், எந்த விலங்கு எந்தக் குழு என்று அவருக்குத் தெரியக்கூடாது. ஆண் ஆய்வாளர் அறையில் இருந்தாலே சுண்டெலிகளின் வலி நடத்தை அடங்கிவிடுகிறது என்று 2014-இல் காட்டினார்கள். அவர் போட்ட சட்டையை வைத்தாலும் அதே விளைவுதான். வேடிக்கை போலத் தோன்றினாலும், பாதி நாள் ஒருவர், பாதி நாள் இன்னொருவர் என்று பங்கு போட்டுக்கொள்ளும் கூடங்களுக்கு இது உண்மையான சிக்கல்.

இன்னொன்று: இழையால் குத்துவதும் விளக்கால் சுடுவதும் தூண்டல்தான். அழற்சி வந்த பாதத்தை லேசாக வருடினாலே பின்கொம்பில் சி-ஃபாஸ் வரும். நடத்தைச் சோதனை முடித்த கையோடு அதே விலங்கின் திசுவை எடுத்தால், அழற்சி உண்டாக்கிய மாற்றத்தையா, நீங்கள் குத்தியதையா அளக்கிறீர்கள் என்று பிரிக்க முடியாது. நடத்தைக்கு ஒரு தொகுதி, திசுவுக்கு வேறொரு தொகுதி வையுங்கள்.

திசு: எந்தத் துண்டு

இங்கே இரண்டு தவறுகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. முதலாவது, பெரிய எலியில் சயாட்டிக் நரம்பு முக்கியமாக எல்4, எல்5 (எல் என்பது இடுப்புப் பகுதி) வேர்களிலிருந்து வருகிறது. சி57பிஎல்/6 சுண்டெலியில் அது பெரும்பாலும் எல்3, எல்4. எலிக் கட்டுரையிலிருந்து எண்ணை நகலெடுத்தால் துண்டு ஒரு படி கீழே போய்விடும். சுண்டெலியில் எல்3 முதல் எல்5 வரை சேர்த்து எடுப்பது பாதுகாப்பு.

இரண்டாவது, தண்டுவடத் துண்டின் எண்ணும் முள்ளெலும்பின் எண்ணும் ஒன்றல்ல. இடுப்புத் தண்டுவடத்தின் பருத்த பகுதி இருப்பது டி12 (டி என்பது மார்புப் பகுதி) முதல் எல்1 வரையான எலும்புகளுக்கு அடியில். எல்4 எலும்பை உடைத்துப் பார்த்தால் அங்கே தண்டுவடமே முடிந்து, நரம்புக் கற்றைகள்தான் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசி விலா எலும்பு சேரும் முள்ளெலும்பு டி13. அதை அடையாளமாக வைத்து எண்ணுங்கள்.

பாஸ்பேட் ஏறிய புரதம் என்றால் வேகம்தான் எல்லாம். ஆழ்ந்த மயக்கத்தில் தலையை நீக்கி, இடுப்பெலும்பு மட்டத்தில் முதுகெலும்பை வெட்டி, வால் பக்கத் துளையில் 18 அல்லது 20 கேஜ் மழுங்கிய ஊசியைச் செருகி, குளிர்ந்த பி.பி.எஸ்.ஸை ஒரே அழுத்தாகச் செலுத்தினால் தண்டுவடம் முழுதாகத் தலைப்பக்கம் வெளியே வரும். பழகிய கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வராவிட்டால் ஊசி துளையில் இறுக்கமாக உட்காரவில்லை, அல்லது வெட்டு மிக மேலே விழுந்துவிட்டது. எலும்பைத் துண்டு துண்டாக உடைத்து எடுக்கும் முறை பத்து நிமிடம் பிடிக்கும், அதற்குள் பாஸ்பேட் கழன்றுவிடும். பனிக்கட்டி மேல் வைத்த கண்ணாடித் தட்டில் பருத்த பகுதியை வெட்டி, நடுக்கோட்டில் பிளந்து, ஊசி போட்ட பக்கத்தின் பின்பாதியை மட்டும் எடுத்துத் திரவ நைட்ரஜனில் போடுங்கள். மொத்தத் தண்டுவடத்தையும் அரைத்தால் முன்கொம்பின் இயக்க நியூரான்களும் வெண்பொருளும் சேர்ந்து, பின்கொம்பில் நடந்த மாற்றத்தை நீர்த்துப்போக வைத்துவிடும்.

வெஸ்டர்ன் பிளாட்

ஒரு சுண்டெலியிலிருந்து இப்படி எடுத்த நான்கில் ஒரு பங்குத் தண்டுவடத் துண்டுக்கு 100 முதல் 150 மைக்ரோலிட்டர் ரிப்பா பஃபர் (செல்லை உடைத்துப் புரதத்தைக் கரைக்கும் திரவம்) போதும். புரோட்டியேஸ் தடுப்பானோடு 50 மில்லிமோலார் சோடியம் ஃப்ளோரைடும் 1 மில்லிமோலார் சோடியம் ஆர்த்தோவனடேட்டும் சேருங்கள். வனடேட்டைத் தூளாகக் கரைத்து அப்படியே விட்டால் வேலை செய்யாது. 200 மில்லிமோலார் கரைசலை பி.எச். 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகும். நிறம் போகும் வரை கொதிக்க வைத்து, ஆறவைத்து, மறுபடி பி.எச். 10 ஆக்குங்கள். கொதித்த பிறகு நிறமற்று, பி.எச். நிலையாக நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். இ.டி.டி.ஏ., டி.டி.டி. இரண்டும் வனடேட்டை முடக்கும் என்பதால் அவற்றை இந்த பஃபரில் தவிர்க்கவும்.

வரிசைக்கு 20 முதல் 30 மைக்ரோகிராம் புரதம். ஈ.ஆர்.கே. 42, 44 கிலோடால்டன் என்பதால் 10 சதவீத ஜெல் போதும். என்.எம்.டி.ஏ. 2பி துணையலகு சுமார் 180 கிலோடால்டன். அதற்கு 7.5 அல்லது 8 சதவீத ஜெல்லும், குளிர் அறையில் 30 வோல்ட்டில் இரவு முழுவதும் மாற்றமும் தேவை. ஒரு மணி நேர மாற்றத்தில் அது பாதிகூட ஜெல்லைவிட்டு வராது. மெத்தனாலை 10 சதவீதமாகக் குறைத்தால் பெரிய புரதம் எளிதில் நகரும்.

கே.சி.சி.2 போன்ற பல முறை சவ்வைக் கடக்கும் புரதங்களைக் கொதிக்க வைக்காதீர்கள். அவை திரண்டு கிணற்றிலேயே தங்கிவிடும். 37 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் போதும்.

பி-ஈ.ஆர்.கே.வுக்கு அடைப்பானாகப் பால் பொடி வேண்டாம். பாலின் கேசீனே பாஸ்பேட் நிறைந்த புரதம், பின்னணி ஏறும். 5 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு சீர ஆல்புமின்) பயன்படுத்துங்கள். ஒப்பீட்டுக்கு பீட்டா-ஆக்டின் வைப்பவர்கள், அதுவும் 42 கிலோடால்டன் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதே சவ்வில் ஈ.ஆர்.கே. பட்டையும் ஆக்டின் பட்டையும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். 37 கிலோடால்டன் ஜி.ஏ.பி.டி.எச். வையுங்கள், அதைவிட மொத்த ஈ.ஆர்.கே.வோடு ஒப்பிடுவதே முறை. இதே சிக்கல் ஜி.எஃப்.ஏ.பி.க்கும் டியூபுலினுக்கும் உண்டு, இரண்டும் 50 அருகில்.

குளுஏ2-வை மொத்தக் கரைசலில் பார்த்து மாற்றமில்லை என்று முடிவெடுக்காதீர்கள். அது அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. 0.32 மோலார் சுக்ரோஸ் பஃபரில் மென்மையாக அரைத்து, 1,000 ஜி-யில் 10 நிமிடம் சுற்றிக் கருப்பகுதியை நீக்கி, மேல்நீரை 10,000 ஜி-யில் 15 நிமிடம் சுற்றினால் அடியில் படிவது சினாப்டோசோம் கலந்த பகுதி. ஒரு விலங்கின் திசு இதற்குப் போதாது. மூன்று நான்கு விலங்குகளைச் சேர்த்து ஒரு மாதிரியாக்குங்கள். அப்போது புள்ளியியலில் ‘என்’ என்பது விலங்கின் எண்ணிக்கை அல்ல, சேர்த்த மாதிரியின் எண்ணிக்கை.

எந்த செல்லில்: நிறமேற்றம்

பிளாட் எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. சுண்டெலியின் இதயம் வழியே முதலில் 20 மில்லிலிட்டர் பி.பி.எஸ்., பிறகு 50 மில்லிலிட்டர் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு செலுத்துங்கள். தண்டுவடத்தை எடுத்து அதே திரவத்தில் 4 மணி நேரம், பிறகு 30 சதவீத சுக்ரோஸில் மூழ்கும் வரை. ஊசி போடாத பக்கத்தின் முன்கொம்பில் மெல்லிய ஊசியால் ஒரு துளை போட்டு வையுங்கள். 25 மைக்ரோமீட்டர் சீவல்கள் மிதக்கும்போது இடம் எது வலம் எது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

5 சதவீத கழுதை சீரமும் 0.3 சதவீத டிரைட்டனும் கலந்து ஒரு மணி நேரம் அடைத்து, முதல் ஆன்டிபாடியை 4 டிகிரியில் இரவு முழுவதும் விடுங்கள். அடுக்கை அடையாளம் காண: சி.ஜி.ஆர்.பி. முதல் அடுக்கையும் இரண்டின் வெளிப்பகுதியையும் காட்டும், ஐ.பி.4 லெக்டின் இரண்டின் உள்பகுதியை, பி.கே.சி. காமா அதற்கும் சற்று அடியில் உள்ள நியூரான்களை. பி-ஈ.ஆர்.கே. எந்தப் பட்டையில் விழுகிறது என்று இவற்றோடு பொருத்திப் பாருங்கள். நியூரானுக்கு நியூ-என், ஆஸ்ட்ரோசைட்டுக்கு ஜி.எஃப்.ஏ.பி., மைக்ரோகிளியாவுக்கு ஐபா1 ஆகியவற்றோடு இரட்டை நிறமேற்றம் செய்தால் நியூரானா கிளியாவா என்பதும் தெரிந்துவிடும்.

சி.எஃப்.ஏ. போட்டு ஒரு நாள் கழித்து நியூரான்களின் கூருணர்வைப் பார்க்க விரும்பினால், மயக்கத்தில் பாதத்தை மென்தூரிகையால் சில நிமிடம் வருடி, 5 நிமிடத்தில் நிலைநிறுத்தும் திரவத்தைச் செலுத்துங்கள். உப்புநீர் விலங்கில் அதே வருடலுக்குப் பெரிதாக ஒன்றும் வராது. தூண்டல் இல்லாமல் எடுத்த 24 மணி நேரத் திசுவில் வெறும் சில செல்கள்தான் தெரியும்.

ஒரு விலங்கிலிருந்து 5 அல்லது 6 சீவல்களை எண்ணி, சராசரியை ஒரே எண்ணாக எடுங்கள். முப்பது சீவல்களை முப்பது ‘என்’ ஆக்கும் கட்டுரைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

காரணம் என்று சொல்ல: தண்டுவட உறைக்குள் ஊசி

புரதம் ஏறியது என்பது உடன்நிகழ்வு. அதைத் தடுத்தால் வலி குறைகிறதா என்று பார்த்தால்தான் காரணம் என்று பேசலாம். 1980-இல் ஹில்டன், வில்காக்ஸ் வகுத்த முறையில், எல்5, எல்6 முள்ளெலும்புகளுக்கு இடையே 30 கேஜ், அரை அங்குல ஊசியை ஹாமில்டன் சிரிஞ்சோடு நுழையுங்கள். இங்கே எண்ணுவது எலும்பைத்தான். தண்டுவடம் மேலேயே முடிந்துவிடுவதால் காயப்படாது. உறைக்குள் நுழைந்ததும் வால் சட்டென்று ஒருபக்கம் துடிக்கும். துடிப்பு வராமல் செலுத்தியது கணக்கில் சேராது. சுண்டெலிக்கு 5 மைக்ரோலிட்டர், பெரிய எலிக்கு 10 முதல் 20. அதற்கு மேல் போனால் மருந்து மூளைப்பக்கம் ஏறும்.

எம்.கே.-801 போன்ற என்.எம்.டி.ஏ. தடுப்பானைச் சுண்டெலிக்கு 1 முதல் 10 நானோமோல் வரையான வரம்பில் மூன்று அளவுகளில் சோதியுங்கள். மேல் அளவில் பின்கால்கள் தடுமாறும். காலை இழுக்க முடியாத விலங்கு வலியில்லாத விலங்கு போலவே தெரியும். எனவே ஒவ்வொரு அளவுக்கும் விலங்கை ரோட்டாராடில் (சுழலும் தண்டு) ஓடவிட்டுப் பார்த்த பிறகே ‘வலி குறைந்தது’ என்று எழுதலாம். கரைப்பானான டி.எம்.எஸ்.ஓ. 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம், அதே அளவு டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட குழுவும் வேண்டும். அதே மருந்தை அதே அளவில் வயிற்றறைக்குள் போட்டால் விளைவு இருக்கக்கூடாது. இருந்தால் மருந்து தண்டுவடத்தில்தான் வேலை செய்தது என்ற வாதம் உடையும்.

சி.எஃப்.ஏ.வுக்கு முன் போடுவதும் 24 மணி நேரம் கழித்துப் போடுவதும் வெவ்வேறு கேள்விகள். முன்னது தொடக்கத்தைத் தடுக்கிறதா என்று கேட்கிறது, பின்னது நிலைத்துவிட்ட வலியைத் திருப்புகிறதா என்று கேட்கிறது. நோயாளி மருத்துவரிடம் வரும்போது வலி ஏற்கெனவே நிலைத்திருக்கும், ஆகவே எங்கள் பார்வையில் பின்னதற்கே எடை அதிகம். இரண்டும் செய்ய விலங்கு போதாவிட்டால் பின்னதைச் செய்யுங்கள்.

இரு பால் விலங்குகளையும் சேருங்கள். நாள்பட்ட வலிக் கூருணர்வை ஆண் சுண்டெலிகளில் மைக்ரோகிளியா தாங்கிப் பிடிப்பதாகவும், பெண்களில் டி செல்கள் அந்த வேலையைச் செய்வதாகவும் 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. மைக்ரோகிளியா தடுப்பானை ஆண்களில் மட்டும் சோதித்துவிட்டுப் பொதுவாக எழுதுவது இனிச் செல்லாது.

சப்ஸ்டன்ஸ் பி-யின் கதையையும் மனதில் வையுங்கள். என்.கே.1 ஏற்பியை அடைத்தால் விலங்குகளில் வலி அழகாகக் குறைந்தது. மனிதர்களிடம் அதே மருந்துகள் வலிக்குப் பயன்படவில்லை. அந்த வரிசையில் வந்த அப்ரெப்பிடன்ட் 2003-இல் கீமோதெரபி வாந்திக்கு மருந்தானது. காலை இழுப்பதென்பது அனிச்சை. ஆகவே உங்கள் தடுப்பான் இழைச் சோதனையில் வேலை செய்தால், இரு பின்கால்களில் எடை எப்படிப் பகிரப்படுகிறது, விலங்கு தானாகத் துளை தோண்டுவது மீள்கிறதா என்ற இரண்டில் ஒன்றையாவது அதே நேரப் புள்ளியில் சேர்த்து அளந்துவிடுங்கள். துளை தோண்டலுக்கு ஒரு முனை மூடிய குழாயும், நிரப்பச் சிறு கற்களும், ஒரு தராசும் போதும். வெளியே தள்ளிய கற்களின் எடைதான் அளவு.